நான்கு தூண்களும் ஒரு படமும்: பலமனேர்ப் பயணம்

சொந்த ஊருக்கு வண்டி போகாத இரயில்வேக்காரன் என்று நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. உண்மைதான். பலமனேருக்கு இருப்புப் பாதை கிடையாது. நாகபுரியில் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர் விஜயவாடா, நெல்லூர், கூடூர் வழியாகத் திருப்பதியைக் கடந்து சித்தூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தில் கணவாய் ஏறித்தான் ஊர் சேர வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகப் பிறருக்குப் பயணச் சீட்டுக் கணக்கு எழுதி வரும் நமக்கு, நம் வீட்டு வாசல் வரையில் சீட்டு எழுதும் பாக்கியம் இதுவரை வாய்க்கவில்லை.

சென்ற ஆண்டுத் தை மாதத்தில் அவ்வழியே ஒரு பயணம் மேற்கொள்ள நேர்ந்தது. காரணம் ஒரு படம். பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிய மாடி வீடு கட்டத் தம்பி தீர்மானித்து, அதன் முகப்புப் படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தான். ஊரில் அதற்கு ‘எலிவேஷன்’ என்று பெயர். வீடு மூவர் பெயரில் இருப்பதால் நம் கையெழுத்து வேண்டும். படத்தில் நான்கு பருத்த தூண்கள், மேலே கோபுரத்தின் அடுக்குகள் போன்ற ஒரு மகுடம், அதன் கீழ் நீல நிறக் கண்ணாடி, பக்கத்தில் கேரளத்துச் சாய்கூரை ஒன்று, எல்லாம் ஒரே சுவரில் இருந்தன. அழகாக இருக்கிறதா, இல்லையா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ‘வருகிறேன்’ என்று மட்டும் பதில் எழுதினோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல, ஊரில் ஒரு பழைய வீட்டையும் அதைப் பற்றிய ஒரு வழக்கையும் வைத்துக்கொண்டிருப்பவை. ஆகையால் அப்பயணத்தில் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுவது வீண் வேலை ஆகாது என்று நம்புகிறோம்.

வழியில் திருப்பதியில் இறங்கி ஒரு நாள் தங்கினோம். பெருமாளைச் சேவித்த பிறகு, தொழில் பாசத்தால் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தோம். புதுக் கட்டடப் பணிகளின் ஓசைக்கு நடுவே பயணிகள் மூட்டைகளோடு தரையில் படுத்திருந்தனர். அன்பர்களுக்கு நினைவிருக்கலாம்: 2022-ஆம் ஆண்டில் இந்நிலையத்தின் புதிய வரைபடங்கள் வெளியானபோது பெரிய சலசலப்பு எழுந்தது. கண்ணாடியும் உலோகமுமாக வழவழப்பாக இருந்த அப்படத்தைப் பார்த்துவிட்டு, ‘இது மென்பொருள் நிறுவனத்தின் மாளிகையா, ஏழுமலையான் ஊர் நிலையமா?’ என்று மக்கள் கேட்டார்கள். கோயில் நகரத்தின் சாயல் எங்கே என்று வினவினார்கள். அதன் பின் வரைபடம் திருத்தப்படும் என்று செய்தி வந்தது.

அன்று நாம் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. வண்டி நேரத்துக்கு வந்தால் போதாதா, மேலே கோபுரம் இருந்தால் என்ன, கண்ணாடி இருந்தால் என்ன என்றே நினைத்தோம். அலுவலகத்தில் சக எழுத்தர் ஒருவரோடு இதற்காகத் தர்க்கமும் செய்திருக்கிறோம். இப்போது தம்பியின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றபோது, நம் வீட்டு வழக்கும் நிலையத்து வழக்கும் ஒன்றேதான் என்று தோன்றிற்று. ஒரு கட்டடம் தன் முகத்தால் ஏதாவது சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டுமாயின், யாருடைய மொழியில் சொல்ல வேண்டும்?

சித்தூரிலிருந்து பேருந்து. பங்காருபாளையம் வரையில் இரு பக்கமும் மாந்தோப்புகள். அதன் பின் மொகிலி. அங்குள்ள சிவன் கோயிலுக்கு ஓட்டுநர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கணவாயில் வண்டியை ஏற்றுவார். வளைவுகள் முடிந்து மேலே வந்ததும் காற்று மாறிவிடும். பலமனேரை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. தை மாதத்து விடியற்காலையில் கம்பளி இல்லாமல் அங்கே நின்றவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள். ஊருக்குத் தெற்கே கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது; யானைகள் எந்த இரவில் எந்த நிலத்தில் இறங்கின என்பதே தேநீர்க் கடையின் முதற் செய்தி.

இது இரு மொழிகளின் எல்லை ஊர். மைசூர்ப் பக்கம் அருகில் இருப்பதால் மூன்று என்றும் சொல்லலாம். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர்ச் சீமை அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். நாம் திண்ணை என்பதைத் தெலுங்கர் ‘அருகு’ என்பர். சிறு வயதில் அது தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தோம். தெருவுக்கு அருகில் இருப்பதனால் அருகு!

பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது, பத்து ஆண்டுகளில் தெருவின் முகம் முற்றிலும் மாறியிருந்ததைக் கண்டோம். பழைய வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி, ஒரே உயரத்துத் திண்ணைகளோடு இருந்தன. இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனி நாடகத்தில் வேடம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்று உரோமாபுரிக் கோயில். அதன் தூண்களின் தலையில் சிமெண்டு இலைகள். அடுத்தது இராஜஸ்தானத்து அரண்மனை. அதற்கடுத்தது பெங்களூர் வங்கி. துபாயில் வேலை செய்யும் ஒருவர் வீட்டின் உச்சியில் சிமெண்டு விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. சிரிக்கத் தோன்றியது, அதே சமயம் அந்த மனிதர் தம் வாழ்க்கையின் பெருஞ்செய்தியைத் தெருவுக்குச் சொல்லியிருக்கிறார் என்றும் தோன்றியது. முன்பு கட்டப்பட்ட அரசாங்கக் குடியிருப்புகளைப் போல, தீப்பெட்டி அடுக்கியதுபோல இருந்தால் மட்டும் மேன்மையா?

நம் வீட்டுக்கு வந்தோம். அம்மா திண்ணையில், இடப்புறத்து இரண்டாவது தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். நாம் பிறந்தது முதல் அவருடைய இடம் அதுதான். வேங்கை மரத் தூண்கள் நான்கு. கீழே கல், மேலே வாழைப்பூ செதுக்கிய போதிகை, அதன் மேல் உத்தரம். முதுகு படும் உயரத்தில் மட்டும் மரம் கறுத்து மெருகேறியிருக்கும். பாட்டனார், பாட்டி, அப்பா, பிறகு அம்மா என்று நான்கு பேர் முதுகினால் பூசிய வார்னிஷ் அது.

“காப்பி சாப்பிட்டு விட்டுத் தூணைப் பாருங்கள் அண்ணா” என்றான் தம்பி. “வியாபாரி ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல விலை. பெங்களூரில் ஒரு விடுதிக்கு வேண்டுமாம்.”

“நம் புது வீட்டுக்கு?”

“அதுதான் படத்தில் நான்கு தூண் இருக்கிறதே! சிமெண்டில் வார்த்து, மேலே மரம் மாதிரியே வர்ணம் அடித்துக் கொடுப்பதாக மேஸ்திரி சொல்லுகிறார்.”

உண்மை மரத்தை விற்று, அந்தப் பணத்தில் பொய் மரம் செய்வதா என்று நமக்குக் கோபம் வந்தது. ஆனால் தம்பி மூடன் அல்லன். மழைக்கு ஒழுகும் ஓட்டின் கீழ் பாத்திரம் வைத்தவன் அவன். நாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குவார்ட்டர்ஸில் கிடந்தோம். ஆகையால் வாயை மூடிக்கொண்டு காப்பி அருந்தினோம்.

அன்று மாலை அக்காள் மகள் வந்து சேர்ந்தாள். கட்டடக் கலை பயிலும் கடைசி ஆண்டு மாணவி. ‘மாமா படத்தோடு வந்திருக்கிறார்’ என்று கேள்விப்பட்டு ஒரு மூட்டைப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். இனி வருவனவற்றுள் பெரும்பகுதி அவள் சொல்லியும், அவள் விட்டுச் சென்ற நூல்களை மெல்ல மெல்லப் படித்தும் நாம் அறிந்தவை. மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கு முதலில் விளங்கியது பாதிதான்.

தம்பியின் படத்தைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. “மாமா, இதற்குப் பெரிய வம்சம் இருக்கிறது. பின்நவீனத்துவம் என்று பெயர்” என்றாள்.

முதலில் நவீனத்துவம் என்ன என்று சொன்னாள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் சிலர், பழங்கால அலங்காரம் அனைத்தும் வீண் செலவு, பொய் வேடம் என்று கருதினர். இரும்பு, கண்ணாடி, கான்கிரீட் ஆகியவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே தெரிய வேண்டும். கட்டடத்தின் உருவம் அதன் பயனிலிருந்து பிறக்க வேண்டும். எந்த நாட்டிலும் அதே நேர்கோடுகள் போதும் என்றனர். நோக்கம் உயர்ந்தது. ஏழைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. நம் நாட்டில் சண்டிகர் அந்தக் கனவில் எழுந்த நகரம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில் புரூயிட்–ஐகோ என்ற குடியிருப்பு அத்தகைய கனவோடுதான் கட்டப்பட்டது. மினோரு யமசாகி வரைந்த முப்பத்து மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினொரு மாடி. சில ஆண்டுகளில் பராமரிக்கப் பணமில்லாமல், வறுமையும் குற்றமும் சூழ்ந்து, குடியிருந்தோர் வெளியேறினர். 1972-இல் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். சார்லஸ் ஜெங்க்ஸ் என்ற எழுத்தாளர் 1977-இல் எழுதிய நூலில், நவீனக் கட்டடக் கலை இறந்த நேரம் 1972 ஜூலை 15, பிற்பகல் 3 மணி 32 நிமிடம் என்று குறித்தார். நம் நிலைய அதிகாரிகள்கூட இவ்வளவு நிச்சயமாக நேரம் குறிப்பதில்லை! விசாரித்தால், முதற் கட்டடத்தை அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே தகர்த்துவிட்டார்களாம். ஆசிரியர் வேடிக்கையாக எழுதிய ‘வருகை நேரம்’ அது. தவிரவும், அக்குடியிருப்பு அழிந்ததற்குக் கட்டடத்தின் உருவத்தைவிட வறுமையும் நிறவேற்றுமையும் பராமரிப்பின்மையுமே பெரிய காரணங்கள் என்று பின் வந்தவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் ‘மொட்டைச் சுவர் மக்களோடு பேசவில்லை’ என்ற குற்றச்சாட்டு நிலைத்துவிட்டது.

பேசும் கட்டடம் வேண்டும் என்றவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் வெஞ்சூரி. அவர் கதையைக் கேட்டபோதுதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவருக்குப் பெரும்பெயர் தந்தது மாளிகையன்று, வங்கியுமன்று. பிலடெல்பியாவில் தம் தாயாருக்குக் கட்டிய சிறு வீடு. 1964-இல் முடிந்தது. அப்போது அவர் நாற்பதை எட்டவில்லை. சிறு குழந்தையிடம் சிலேட்டைக் கொடுத்து ‘வீடு வரை’ என்றால் என்ன வரையும்? சாய்ந்த கூரை, நடுவில் கதவு, ஒரு சன்னல், மேலே புகைபோக்கி. அந்த வீட்டின் முகப்பு அதுதான். ஆனால் கூரை முகட்டின் நடுவில் ஒரு பிளவு. வாசலுக்கு மேல், எதையும் தாங்காத ஒரு மெல்லிய வளைவு. உள்ளே எங்கும் போய்ச் சேராத ஒரு சிறு படிக்கட்டு. ‘வீடு’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, அப்படிச் சொல்வதை எண்ணித் தானே புன்னகை செய்யும் வீடு என்று மருமகள் வருணித்தாள். அந்த அம்மையார் அதில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

“அந்த அம்மாள் உட்கார இடம் இருந்ததா?” என்று நம் அம்மா கேட்டார். மருமகள் புத்தகத்தைப் புரட்டி, கூடத்துப் படத்தைக் காட்டினாள். அம்மா நாற்காலிகளை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைந்தார்.

வெஞ்சூரியும் அவர் மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ஸ்டீவன் ஐசனூர் என்பவரோடு சேர்ந்து, சூதாட்ட விடுதிகள் நிறைந்த லாஸ் வேகாஸ் நகரத்தை ஆராய்ந்து 1972-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கட்டடம் இரு வகையில் பேசலாம் என்றனர். ஒன்று, கட்டடமே பொருளின் உருவம் ஆகிவிடுவது. வாத்து விற்கும் கடை வாத்து வடிவிலேயே இருப்பதுபோல. மற்றொன்று, சாதாரணக் கொட்டகை. அதன் முன்னால் அலங்காரப் பலகை. முன்னதற்கு ‘வாத்து’ என்றும் பின்னதற்கு ‘அலங்கரித்த கொட்டகை’ என்றும் பெயரிட்டனர். அவர்கள் கொட்டகையின் கட்சி.

நமக்கு உடனே வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வந்தது. கணபதி ஸ்தபதியார் திருவாரூர்த் தேரை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்த கல் தேர், 1976-இல் திறக்கப்பட்டது. ஓடாத தேர்தான், ஆனால் அது என்ன என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் கேட்காது. அமெரிக்கர் கணக்கில் அது ‘வாத்து’ ஆகிவிடுகிறது! ஸ்தபதியாருக்கு அந்நூல் எதற்கு? அவருக்கு ஆயிரம் ஆண்டு மரபு இருந்தது. இதைச் சொன்னபோது மருமகள் ஒப்புக்கொண்டாள். மேல்நாட்டார் அறுபது ஆண்டுகளுக்கு முன் திரும்பக் கண்டுபிடித்ததை நம்மவர் விட்டதே இல்லை என்பது அவள் கருத்து. எழும்பூர் நிலையத்தையும் எடுத்துக் காட்டினாள். ஹென்றி இர்வின் வரைந்து, பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டி, 1908-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. மொகலாயக் கும்மட்டமும் மேல்நாட்டு வளைவும் கலந்து, இரும்புக் கொட்டகைக்கு முன்னால் நிற்கிறது. நாம் எத்தனை முறை அதனடியில் வண்டிக்கு நின்றிருக்கிறோம்! அதைப் பொய் வேடம் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. நூறு ஆண்டு கழிந்தால் வேடமும் முகமாகிவிடுகிறது போலும். 2025 மே 22-ஆம் நாள் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நிலையங்களுள் ஸ்ரீரங்கமும் ஒன்று; கோயில் சாயலில் முகப்பு வைத்திருக்கிறார்கள். அதைக் குறை கூறும் துணிவு நமக்கு இல்லை.

அதன் பிறகு இவ்வழி உலகமெங்கும் பரவிற்று. மைக்கேல் கிரேவ்ஸ் 1982-இல் போர்ட்லண்டு நகரத்து அலுவலகக் கட்டடத்துக்கு வர்ணம் தீட்டி, சுவரில் தட்டையாகத் தூண்கள் வரைந்தார். பிலிப் ஜான்சன் நியூயார்க்கில் தொலைபேசி நிறுவனத்துக்குக் கட்டி, 1984-இல் முடிந்த மாடமாளிகையின் உச்சியில், பழங்கால மர அலமாரியின் தலை போன்ற ஒரு முகட்டை வைத்தார். தம் இளமையில் கண்ணாடிப் பெட்டிகளுக்காக வாதாடியவரே இதைச் செய்தார் என்பதுதான் உலகத்தாரை வியப்பில் ஆழ்த்தியது. இப்படி மேலிருந்து கசிந்து கசிந்து, யாருக்கும் பெயர் தெரியாமல், எலிவேஷன் வரையும் கணினிக்காரர் வழியாகப் பலமனேர்த் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

புலம்பெயர்ந்த நம்மவர் கேட்க வேண்டிய கதை ஒன்றையும் மருமகள் சொன்னாள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இத்தாலியிலிருந்து குடியேறிய மக்களுக்காக, சார்லஸ் மூர் 1978-இல் ஒரு சதுக்கம் அமைத்தார். நீரூற்றின் நடுவில் இத்தாலி நாட்டின் வரைபடம். அம்மக்களுள் பலர் சிசிலித் தீவினர் ஆதலால் வட்டத்தின் மையத்தில் சிசிலி. சுற்றிலும் உரோமாபுரித் தூண்கள். ஆனால் சிலவற்றின் தலை துருப்பிடிக்காத எஃகு, வளைவுகளில் நியான் விளக்கு. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரின் படம். சுற்றுப்புறத்தில் வருவதாக இருந்த கடைகள் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே நீரூற்று வறண்டு, வர்ணம் உதிர்ந்து, சதுக்கம் பாழடைந்தது. பிற்காலத்தில்தான் செப்பனிட்டார்கள்.

இதைக் கேட்டதும் நம் சங்கத்துப் பொங்கல் விழா கண் முன் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் வாடகைக் கலியாண மண்டபத்தின் வாசலில், ஒட்டுப்பலகையாலும் வெண்ணுரை அட்டையாலும் ஒரு கோபுரம் கட்டுகிறோம். பொம்மைகளின் மூக்கு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. செயற்குழுவில் இச்செலவை எதிர்த்துப் பேசியவர்களுள் நாமும் ஒருவர், குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. ஆனால் முந்தைய விழாவில், மகன் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மூதாட்டி அந்த அட்டைக் கோபுரத்துக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பியதை நாம் கண்டோம். அது பொய்க் கோபுரம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்று முதல் அந்தச் செலவை எதிர்ப்பதை விட்டுவிட்டோம்.

ஆகவே படம் என்றாலே பொய் என்று தம்பியைக் கண்டிக்க நமக்கு வாய் எழவில்லை. வேறு ஏதோ ஒன்று மனத்தை உறுத்திற்று. அது என்ன என்று மறுநாள் காலையில்தான் பிடிபட்டது.

மேஸ்திரி வரைபடத்தின் பெரிய தாளோடு வந்திருந்தார். அதிலும் திண்ணை இருந்தது. தூண்களுக்குப் பின்னால், வழவழக்கும் கறுப்புக் கல் பதித்து, மிக அழகாக இருந்தது. அளவைப் படித்தோம். உயரம் மூன்றடி, அகலம் ஒன்பது அங்குலம், முன்னால் எஃகுக் கம்பி. அதாவது திண்ணையின் படம்! அதில் பூந்தொட்டி உட்காரலாம். மனிதர் உட்கார முடியாது.

“இதில் நான் எங்கே உட்காருவது அப்பா?” என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே இடம் தேடினார்.

“உள்ளே கூடத்தில் சோபா இருக்கிறதம்மா” என்றான் தம்பி.

“கூடத்திலிருந்து தெரு தெரியுமா?”

தெரியாது. நீலக் கண்ணாடி வழியே யாருக்கும் எதுவும் தெரியாது.

பழைய வீட்டில் திண்ணை என்பது வீட்டின் உடைமையும் அன்று, தெருவின் உடைமையும் அன்று. வழிப்போக்கர் படுக்கலாம். மண்பாண்டம் கொண்டுவரும் குயவர் கூடையை இறக்கலாம். சங்கதி கொண்டுவந்தவர் வீட்டுக்குள் வராமலே சொல்லிவிட்டுப் போகலாம். யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற கொடுமையும் அத்திண்ணைகளில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணவனை இழந்து, முழங்கால் தேய்ந்து, எங்கும் போக முடியாத ஒரு பெண்மணிக்கு ஊர் முழுதும் வந்து போகும் ஒரே இடம் அது. புதுப் படம் திண்ணையின் அழகை வைத்துக்கொண்டு உட்காருவதை எடுத்துவிட்டது. திருப்பதி நிலையத்தில் தரையில் படுத்திருந்த யாத்திரிகர்களும் அப்போது நினைவுக்கு வந்தார்கள். மேலே கோபுரம் வைப்பதா கண்ணாடி வைப்பதா என்று அவ்வளவு பேசிய நாம், மூட்டையை வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று எவ்வளவு பேசினோம்?

மருமகள் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தைப் பற்றிச் சொன்னாள். பாலகிருஷ்ண தோஷி அமைத்தது. 2018-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசாகிய பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். அங்கே பழைய கோயிலின் உருவம் ஒன்றுகூட ஒட்டப்படவில்லையாம். ஃபத்தேபூர் சிக்ரியின் முற்றங்களை நினைத்து, சாம்பல் நிறக் கல்லில் நீண்ட நடைகளும் இடையிடையே திறந்த வெளிகளும் விட்டிருக்கிறார். மாணவர்கள் போகிற வழியில் நிற்கிறார்கள், உட்காருகிறார்கள், பேசுகிறார்கள். பழமையின் முகத்தை எடுக்காமல் பழக்கத்தை எடுத்துக்கொண்டார். தோஷியைப் பின்நவீனத்துவர் பட்டியலில் சேர்க்கலாமா என்பதில் அவளுக்கும் அவள் ஆசிரியருக்கும் சண்டையாம். அதில் நாம் தலையிடவில்லை.

பகல் உணவுக்குப் பிறகு பேச்சு முற்றிற்று. தம்பியின் வாதமும் லேசானதன்று. திண்ணையை அகலப்படுத்தினால் அவன் வண்டி நிறுத்த இடம் குறையும். மகன் கல்லூரியில் சேர வேண்டும். தூண் விற்ற பணம் முதல் தவணைக்கு ஆகும். “நீங்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்து தூணைப் பார்த்துவிட்டுப் போவீர்கள் அண்ணா. இருப்பவன் நான்” என்றான். இதற்குப் பதில் கிடையாது. ஊரை விட்டு வந்த நாம் அனைவரும், ஊர் நம் நினைவில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்கான ஓட்டு ஒழுக்கை வேறொருவர் துடைக்கிறார்.

மாலையில் மேஸ்திரி தூண்களைத் தட்டிப் பார்த்தார். வலப்புறத்து இரண்டும் அடியில் செல்லரித்திருந்தன. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. வியாபாரி சொன்ன விலை பாதியாயிற்று. அதனால் தம்பியின் உறுதியும் பாதியாயிற்று என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பிறகு அளவெடுத்தோம். அம்மாவைப் பழைய திண்ணையில் அவர் வழக்கம்போல் அமரச் சொல்லி, மருமகள் நாடாவைப் பிடித்தாள். முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரையில், வெற்றிலைத் தட்டுக்கும் இடம் விட்டு, இரண்டடி ஆறங்குலம். தரையிலிருந்து உயரம், கால் தொங்காமல் ஊன்ற, ஒன்றரை அடி. “படுக்க வேண்டுமானால்?” என்று மேஸ்திரி தெலுங்கில் கேட்டார். அம்மா உடனே நீட்டிப் படுத்துக் காட்டினார். தெருவில் போனவர்கள் நின்று, என்ன ஆயிற்று என்று விசாரித்தனர். தாளில் ஒன்பது அங்குலத்தை அடித்து இரண்டரை அடி என்று எழுதி, கம்பியையும் அடித்து, அதன் கீழ் நாம் கையெழுத்திட்டோம். நல்ல தூண்கள் இரண்டும் அம்மா பக்கத்துக்கு. மற்ற இரண்டு இடத்தில் வேடமில்லாத வெறும் கான்கிரீட் போதும் என்றாள் மருமகள். தம்பி, “பார்க்கலாம்” என்றான். மகுடத்தைப் பற்றி நாம் பேசவில்லை. அது அவன் ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வாண்டு பங்குனியில் வீடு முடிந்து படம் வந்தது. மகுடம் இருக்கிறது, நாம் அஞ்சியதைவிடச் சிறியது. திண்ணை அகலமாக இருக்கிறது. இடப்புறம் வேங்கைத் தூண்கள் இரண்டு. வலப்புறம் அவற்றைப் போலவே சிமெண்டுத் தூண்கள் இரண்டு, வாழைப்பூப் போதிகையோடு, மர வர்ணம் பூசி நிற்கின்றன. மேஸ்திரி கெட்டிக்காரர், படத்தில் எது எது என்று நமக்கே சிறிது நேரம் ஆயிற்று. அம்மா வலப்புறத்துச் சிமெண்டுத் தூணில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். ஏன் இடம் மாறினார் என்று தொலைபேசியில் கேட்டோம். எதிர் வீட்டார் மாடி எடுத்துவிட்டதால், சாயங்கால வெயில் இப்போது அந்தப் பக்கம்தான் விழுகிறதாம்.